பாஸ்வேர்டு சரி, அக்கவுண்ட் மட்டும் லாக்

வேலைக்குச் சேர்ந்தபோது ஐடி கொடுத்த பாஸ்வேர்டுதான் இத்தனை நாளும் ஓடியது. இப்போது எல்லோரும் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினேன், உள்ளே போனேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் அக்கவுண்ட் லாக். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் 5 முறை தப்பாகப் போட்டால் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும். நான் ஒரு முறைகூடத் தப்பாகப் போடவில்லை.

ஐடி ஆட்கள் இருப்பது கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸில். போன் போட்டால் "டிக்கெட் போடுங்க மேடம்" என்றார்கள். டிக்கெட் என்றால் கம்ப்யூட்டரில் பதியும் புகார், அதைப் போடவும் அதே லாகின்தான் வேண்டும்! சரியென்று பக்கத்து சீட் அண்ணன் பெயரில் போட்டால், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காமல் அவருடைய பாஸ்வேர்டை ரீசெட் செய்துவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை.

அப்புறம் எனக்கும் ரீசெட் ஆனது. மறுநாள் மதியம் மறுபடி லாக், மறுபடி ரீசெட். தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் பேக்கிங் லிஸ்ட் என் ஃபோல்டருக்குள்ளே, நான் வெளியே. கேப்ஸ் லாக் பாருங்க, தமிழ் கீபோர்டு ஆன் ஆகியிருக்கும் பாருங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் காலையில் ஒழுங்காக உள்ளே போய் வேலை பார்த்தவருக்கு நடுவில் பூட்டிக்கொண்டால் அது கைப்பிழை இல்லைங்க, பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஒன்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. போனில் சேமித்த ஆபீஸ் வைஃபை அல்லது மெயில், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கிவிட்ட பழசு, மேப் செய்த டிரைவ் (சர்வர் ஃபோல்டரை நம் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவாக இணைத்தது), வேறு கம்ப்யூட்டருக்குள் தூரத்திலிருந்து நுழைந்து லாக் ஆஃப் செய்யாமல் விட்ட ரிமோட் டெஸ்க்டாப், பெரும்பாலும் இதில் ஒன்றாக இருக்கும். எனக்கு இதில் எதிலும் பழசு இல்லை.

கடைசியில் சர்வர் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்த தம்பிதான் கேட்டான், "ஏனுங்கக்கா, 4740 பாத்தாங்களா?" அக்கவுண்ட் பூட்டிக்கொண்டால், எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் விண்டோஸ் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் விழும் பதிவின் எண் அது. எந்தக் கம்ப்யூட்டரால் பூட்டியது என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இத்தனை ரீசெட் செய்தவர்கள் யாரும் அதைத் திறக்கவே இல்லை. என் பதிவில் கம்ப்யூட்டர் பெயர் காலியாக இருந்தது. அவன் விடவில்லை, எங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கும் ஃபைல் சர்வரில் 4625 பதிவுகளைத் திறந்தான், உள்ளே நுழைய முடியாமல் போன முயற்சிகள் அங்கே விழும். என் பெயரில் வரிசையாக, எல்லாம் ஒரே ஐபி, அதாவது நெட்வொர்க்கில் ஒரே மெஷினின் முகவரி. அது எந்த மேஜையிலும் இல்லை, வராந்தாவில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷினுடையது!

ஸ்கேன் நேராக ஃபோல்டரில் விழ ஒரு லாகின் வேண்டுமே என்று, மெஷின் வைத்தபோது ஐடியே என் பெயரையும் அவர்கள் கொடுத்த பாஸ்வேர்டையும் போட்டு வைத்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. தினமும் மதியம் டாக்குமென்டேஷன் பையன் ஸ்கேன் போகவில்லையே என்று திரும்பத் திரும்ப அமுக்க, ஒவ்வொரு அமுக்கும் என் கணக்கில் ஒரு தப்பு. பிறகு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்விடுவானாம்.

இப்போது ஸ்கேனுக்கென்று தனி அக்கவுண்ட், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி. உங்களுக்கும் திரும்பத் திரும்ப லாக் ஆனால் ரீசெட் கேட்காதீர்கள், 4740 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

என் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். காரணம்: "பயனர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார்." திருத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.