நிக் மேசனைக் கொஞ்சம் கவனியுங்கப்பா

பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்ட் என்றாலே கிதார் கில்மர் பெரியவரா, பேஸ் கிதார் வாட்டர்ஸ் பெரியவரா என்றுதான் சண்டை, பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும் நிக் மேசனை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தக் குழுவின் எல்லா ஆல்பங்களிலும் இருக்கிற ஒரே ஆள் அவர்தான். வேகம் காட்டி மிரட்டுகிறவர் இல்லை, சரி, ஆனால் 1973இல் வந்த 'டைம்' பாட்டில் கடிகாரங்கள் எல்லாம் அடித்து ஓய்ந்ததும் ரோட்டோடாம் என்கிற சின்ன டிரம்களில் அடிக்கு அடி இடம் விட்டு வாசிப்பாரே, அந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்?

அப்புறம் 1971இல் இத்தாலியின் பொம்பெயி நகரில், ஆளே இல்லாத பழைய ரோமானிய அரங்கில் குழு வாசிப்பதை எடுத்த படம். அதில் ஒரு பாட்டின் பாதி வாசிப்பில் ஒரு குச்சி கைநழுவிப் போகிறது, மனுஷன் தாளத்தை விடாமல் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார் (கேமராவும் அந்தப் பாட்டில் பெரும்பாலும் அவர் மேலேயேதான்). 2018இல் தனிக்குழு தொடங்கி பிங்க் ஃபிளாய்டின் முதல் பாடகர் சிட் பேரட் காலப் பாட்டுகளை மறுபடி மேடையேற்றியவரும் இவர்தான். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.