சிப் செருகும் முன்

ஏடிமெகா328 என்ற மைக்ரோகன்ட்ரோலர் (குட்டிக் கணினி) சிப்புக்கு ஒரு சின்ன போர்டு சால்டரிங் செய்துகொண்டிருக்கிறேன். குட்டையானவை முதலில்: ரெசிஸ்டர்கள், பிறகு 28 கால் சாக்கெட். 63/37 ஈயம் (63% வெள்ளீயமும் 37% காரீயமும் கலந்த சால்டர் கம்பி) 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆனாலும் சால்டரிங் அயர்ன் 350-இல் இருக்கிறது. சூடேற வேண்டியது ஈயம் அல்ல, காலும் அதைச் சுற்றிய செம்பு வளையமும். இரண்டும் சூடானபின் ஈயத்தை அங்கே வைத்தால் தானே வழிந்து, காலைச் சுற்றிப் பளபளவென்று ஏறிக்கொள்கிறது. உருண்டு நின்றால் ஒட்டவில்லை என்று பொருள்.

சிப்புக்கு வரும் மின்னழுத்தத்தின் திடீர் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சிப்பின் மின்சாரக் காலை ஒட்டியே இருக்க வேண்டும். அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் மீது எனக்குத் தனிக் கோபம் உண்டு. (ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையின் புகையை ரசித்து முகர்பவர்கள் மீதும்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள்!)

சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் உட்கார்ந்துவிட்டது. இனி மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று உறுதியானால்தான் சிப்பைச் செருகுவேன்.