செம்மறியும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆடு என்றால் வெள்ளாடுதான். கொட்டாஞ்சேனைப் பக்கம் கடைவாசலில் கால் நீட்டிப் படுத்திருக்கும், சுவரொட்டியைப் பிய்த்துத் தின்னும், ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தாலும் அசையாது. செம்மறியை நாம் பார்ப்பதெல்லாம் மார்கழியில், நத்தார் குடிலுக்குள் வைக்கிற பொம்மையாகத்தான். ஆனாலும் பூசைக்குப் போனால் “உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே” என்று எல்லார் வாயும் தானாகச் சொல்லிவிடுகிறது.

இந்தத் தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். கொழும்புக்கு வந்தால் கொச்சிக்கடைக் கோயிலில் புனித அந்தோனியாரைப் பார்க்காமல் அவர் ஊர் திரும்பமாட்டார். அதுவும் அந்தோனியாருக்கு உரிய செவ்வாய்க்கிழமையாக இருக்கவேண்டும். இளவாலைப் பக்கம் வளர்ந்தவர். சின்ன வயதில் வீட்டுப் பட்டியில் வெள்ளாடும் செம்மறியும் கலந்து நின்றதாம். எனவே அன்றைக்கு என்னோடு வந்தது வேதாகமத்தை ஆட்டுப் பட்டியிலிருந்து படித்த ஒருவர்.

வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, செட்டியார் தெரு வழியாக நடந்தோம். நகைக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. தெரு முடிகிற இடத்தில் ஒரு ஒழுங்கை முகப்பில் வெள்ளாடு ஒன்று கட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் கத்தத் தொடங்கியது.

“இது கத்துற சாதி” என்றார் பெரியம்மா. “வெள்ளாட்டை வெட்டக் கொண்டுபோனா ஊருக்கே கேக்கும் பிள்ளை. செம்மறி அப்பிடியில்லை. நாலு காலையும் கட்டிப் போட்டாலும் சும்மா பாத்துக்கொண்டு கிடக்கும். அதாலதான் எங்கட அப்பு செம்மறி வெட்டுற இடத்தில நிக்கமாட்டார்.”

எசாயா 53ஆம் அதிகாரத்தில் வருகிற வரி இதுதான். அடிப்பதற்குக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டியைப் போல, உரோமம் கத்தரிப்பவன் முன் சத்தமிடாத ஆட்டைப் போல, அவர் வாயைத் திறக்கவில்லை. திருத்தூதர் பணிகள் நூலில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் தேரில் போய்க்கொண்டே வாசித்துக் குழம்பியது இந்தப் பகுதியைத்தான். “இறைவாக்கினர் யாரைப் பற்றிச் சொல்கிறார், தன்னைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா?” என்று அவர் பிலிப்பிடம் கேட்கிறார். பிலிப்பு அந்த இடத்திலிருந்தே தொடங்கி இயேசுவைப் பற்றிச் சொல்கிறார். எசாயா ஆடு மேய்க்கிற நாட்டுக்காரர். அவர் சொன்னதைப் பெரியம்மாவின் அப்புவுக்கு விளங்கப்படுத்தத் தேவையிருந்திருக்காது.

நடந்தபடியே விடுதலைப்பயணம் 12ஆம் அதிகாரத்துப் பாஸ்காவைப் பற்றிக் கதைத்தோம். எகிப்தை விட்டுப் புறப்படும் இரவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டி. குறையில்லாதது, ஒரு வயதுக் கிடாய். செம்மறியாகவும் இருக்கலாம், வெள்ளாடாகவும் இருக்கலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. கொழும்புக்காரருக்கு அது ஒரு ஆறுதல். அதன் இரத்தத்தை ஈசோப்புச் செடிக் கொத்தால் தொட்டு வாசலின் இரண்டு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் பூசவேண்டும். இறைச்சியைத் தீயில் வாட்டி, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்றிரவே உண்ணவேண்டும். ஒரு வீட்டுக்குக் குட்டி அதிகமென்றால் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு ஒன்றும் முறியக்கூடாது. சிலுவையில் இயேசுவின் கால்களை முறிக்காமல் விட்டதைச் சொல்லும்போது யோவான் இந்த விதியைத்தான் நினைவுபடுத்துகிறார்.

இதில் சட்டென்று கடந்துபோய்விடக்கூடிய ஒரு விவரம் உண்டு. குட்டியை மாதத்தின் 10ஆம் நாளில் தெரிந்தெடுக்கவேண்டும். வெட்டுவது 14ஆம் நாள் மாலையில். இடையில் அதை வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

“நாலு நாள் வீட்டில நிண்டா பிள்ளையள் பேர் வைச்சிடுங்கள்” என்றார் பெரியம்மா.

பேர் வைத்த குட்டியை வெட்டுவது வேறு, சந்தையில் வாங்கிய இறைச்சி வேறு. இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசனிடம் சொன்ன கதையும் அப்படித்தான். ஏழை ஒருவனிடம் ஒரேயொரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் தட்டில் தின்று, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப்போல வளர்கிறது. பக்கத்துப் பணக்காரன் விருந்தாளிக்குச் சமைக்கத் தன் மந்தையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு போகிறான். தாவீது கொதித்தெழுகிறார். “நீயே அந்த மனிதன்” என்கிறார் நாத்தான். உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட அரசனுக்கு அந்த ஆட்டுக்குட்டிதான் வழக்குரைஞராக வந்தது. திருநூலில் செம்மறி வெறும் சாதுப் பிராணி என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கவேண்டும்.

கோயிலை நெருங்கினால் தெருவோரமெல்லாம் மெழுகுதிரிக் கடைகள்தான். ஒரு கடையில் பாஸ்காத் திரி தயாராகிக்கொண்டிருந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய சனி இரவில் ஏற்றுவது. கைத்தடிப் பருமன், இடுப்புயரம். கடைக்காரத் தம்பி சிவப்பு மெழுகில் சிலுவையும் அதன் மேலும் கீழும் அகரமும் னகரமும் ஒட்டி முடித்திருந்தார். கீழே ஆண்டு இலக்கங்கள். சிலுவையில் ஐந்து இடங்களில் துளை விட்டிருந்தது. அவற்றில் ஐந்து சாம்பிராணி மணிகளைக் குருவானவர் பதிப்பார். அவை இயேசுவின் ஐந்து காயங்கள். அடியில் வெள்ளை மெழுகில் ஒரு செம்மறி, ஏழு முத்திரை தொங்கும் ஏட்டின் மேல். முன்னங்காலில் கொடி அணைத்திருக்கிறது, கொடியில் சிவப்புச் சிலுவை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். நெஞ்சில் ஒரு சின்னக் கோடு. தம்பி ஊசிமுனையால் அதற்குள் சிவப்பு இறக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காயத்தை மட்டும் கடைசியில்தான் செய்வாராம், கை ஆடினால் முழுத் திரியும் பாழ்.

அந்தப் படம் திருவெளிப்பாடு 5ஆம் அதிகாரத்திலிருந்து வருவது. ஏழு முத்திரையிட்ட ஏட்டைத் திறக்கத் தகுதியானவர் யாரும் இல்லையே என்று யோவான் அழுகிறார். மூப்பர் ஒருவர், “அழாதே, யூதா குலத்தின் சிங்கம் வெற்றி பெற்றுவிட்டது” என்கிறார். யோவான் நிமிர்ந்து பார்க்கிறார். சிங்கம் இல்லை. கொல்லப்பட்டதுபோல் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. வெட்டுக்காயம் ஆறி மறைந்துவிடவில்லை, ஆனால் குட்டி விழவும் இல்லை.

இந்தப் படத்துக்கே ஒருகாலத்தில் தடை வந்தது. 692இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய சங்கம், இனிமேல் கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரையாமல் மனித உருவில்தான் வரையவேண்டும் என்று 82ஆம் விதியில் சொன்னது. உரோமையில் அப்போது திருத்தந்தையாக இருந்த முதலாம் செர்ஜியுஸ் அந்தச் சங்கத்தின் விதிகளில் கையெழுத்திட மறுத்தார். பூசையில் அப்பத்தைப் பிட்கும் நேரத்தில் “இறைவனின் செம்மறியே” பாடவேண்டும் என்று ஏற்படுத்தியவரும் அவர்தான். தடைக்குக் கொடுத்த பதிலடி அது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த எண்ணம் பிடித்திருக்கிறது. உரோமையில் இன்றும் சனவரி 21, புனித ஆக்னெஸ் திருநாளில், இரண்டு குட்டிகளை மந்திரிக்கிறார்கள். அந்த உரோமத்தைச் சேர்த்து நெய்கிற பாலியம் என்ற தோள்பட்டை, கொழும்புப் பேராயர் உட்படப் பெருநகரப் பேராயர்கள் எல்லாருக்கும் போகிறது.

பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனோம். வழக்கமான செவ்வாய்க் கூட்டம். நெற்றியில் திருநீறு வைத்தவர்கள், வெள்ளை உடுப்பில் சிங்களத் தாய்மார், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பூசை நடக்கும். கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் இங்கே வேடம் போட்டுக்கொண்டுதான் நடமாடினார்கள். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் கரையை அரித்த கடலை மன்றாடி நிறுத்தினார், அந்த இடத்தில்தான் கோயில் எழுந்தது என்பது வழிவழியாக வரும் கதை. இப்போதைய கோயில் 1834இல் நேர்ந்தளிக்கப்பட்டது. ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்ஃபெண்டால் ஆலயம் இங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஒரே ஆட்டுக்குட்டியை வணங்கியவர்களில் ஒரு பகுதியினர் மறுபகுதியினரைத் துரத்தினார்கள் என்பதை நினைத்தால் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இந்தக் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பின் விடுதிகள் என்று தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அன்று கோயில்களில் பலியான 167 கத்தோலிக்கரின் பெயர்களை வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டதாக 2025இல் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். நினைவிடத்தின் முன் பெரியம்மா செபமாலையோடு நின்றார். பக்கத்தில் ஒரு நடுத்தர வயது அம்மா, கையில் ஒரு கொத்து அல்லி.

நான் அன்று முழுக்க மனதில் வைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லவேண்டிய இடம் இதுதான். “செம்மறிபோல மௌனமாய்ப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அடிபட்டவர்களிடம் உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எசாயாவைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்த மௌனம் இயேசு தானாக எடுத்துக்கொண்டது, யாரும் வாயைப் பொத்தி வாங்கியதல்ல. தலைமைக் குருவின் முன் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, “நான் சொன்னது சரியென்றால் ஏன் என்னை அடிக்கிறாய்?” என்று இயேசு கேட்டதை யோவான் எழுதிவைத்திருக்கிறார். திருவெளிப்பாட்டின் 6ஆம் அதிகாரத்தில் அந்த ஆட்டுக்குட்டி ஐந்தாம் முத்திரையை உடைத்ததும் என்ன நடக்கிறது? பீடத்தின் அடியிலிருந்து, கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் உரத்த குரலில் கத்துகின்றன: “ஆண்டவரே, எதுவரைக்கும்?” அவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று அங்கே யாரும் அதட்டவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக் காலம் என்கிறார்கள். கத்துவதற்கு வழி திறந்துவிட்டதே ஆட்டுக்குட்டிதான்.

2023 சனவரியில் உச்ச நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் சனாதிபதி உட்பட அதிகாரத்தில் இருந்தவர்கள் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்த்தது. ஆனாலும் பின்னால் இருந்தவர் யார் என்ற கேள்வியை இறந்தவர்களின் வீட்டார் விடவில்லை. அவர்கள் கேட்பதில் விசுவாசக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. திருநூலைச் சரியாகப் படித்தவர்கள் கேட்கிற கேள்வி அது.

தமிழ்ப் பூசை தொடங்கியது. அப்பத்தைப் பிட்கும்போது “இறைவனின் செம்மறியே” வந்தது. இரண்டு தடவை “எம்மேல் இரக்கம் வையும்”, மூன்றாவதில் “எங்களுக்கு அமைதி தந்தருளும்”. இரக்கம் கேட்ட பிறகுதான் அமைதி. பிறகு குருவானவர் அப்பத்தை உயர்த்தி, “செம்மறியின் விருந்துக்கு அழைக்கப்பட்டோர் பேறுபெற்றோர்” என்றார். வாசல் நிலையில் இரத்தம் பூசிய வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டதும், பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள் என்றதும் இங்கே வந்து நிற்கிறது.

பூசை முடிந்து பெரியம்மா காணிக்கை போடப் போனார். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தால் இரண்டு இருபது ரூபாய்த் தாள். குறைவென்று அவருக்கே கூச்சம். லேவியர் நூலில், பிள்ளை பெற்ற தாய் ஒரு செம்மறிக் குட்டியைக் கொண்டுவரவேண்டும், வசதியில்லாவிட்டால் இரண்டு புறாக்கள் போதும் என்று சலுகை இருக்கிறது. லூக்கா எழுதியபடி மரியாவும் யோசேப்பும் எருசலேம் கோயிலுக்கு எடுத்துப்போன காணிக்கை இந்த ஏழைகளின் காணிக்கைதான். செம்மறி வாங்கக் காசில்லை. கையிலிருந்த குழந்தையைத்தான் பின்னாளில் திருமுழுக்கு யோவான் காட்டி “இதோ, இறைவனின் செம்மறி” என்கிறார். இதைச் சொன்னதும் பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நீ கனக்கப் படிக்கிறாய். அந்தோனியாரிட்டக் கேட்டா அவர் தருவார், அவ்வளவுதான்” என்று தாளை உண்டியலில் போட்டுவிட்டு, தேத்தண்ணி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவர் என்ன கேட்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புறக்கோட்டையிலிருந்து நடக்கலாம், வெயில் ஏறிவிட்டால் ஆட்டோ நல்லது. பெரிய பை வேண்டாம், சோதனையில் நேரம் போகும். சூன் 13 திருவிழா அழகுதான், ஆனால் நிற்க இடமிருக்காது. வயதானவர்களை அழைத்துவருவதென்றால் சாதாரணச் செவ்வாயில் முதல் பூசைக்கு வந்துவிடுங்கள்.