இரண்டு பச்சை விளக்குகளோடு இறங்கிய நாள்

சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் விமானத்தில் எனக்கு அது ஐந்தாவது பாடம். ஒற்றை இன்ஜின், நான்கு இருக்கை, தாழ்ந்த இறக்கை. இறங்குவதற்கு முன் ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில் வேகத்தைக் குறைத்து, சக்கரங்களை இறக்கும் கியர் நெம்புகோலைக் கீழே தள்ளினேன். ஹைட்ராலிக் பம்ப் இரைந்தது. வழக்கமாக ஏழு விநாடிக்குள், சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளும் எரியும், பம்பும் அடங்கிவிடும். அன்று மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, அவ்வளவுதான். இடது விளக்கு எரியவில்லை. பம்பும் நிற்கவில்லை.

"உயரத்தைப் பார்" என்றார் பயிற்றுநர். விளக்கையே வெறித்துக்கொண்டிருந்ததில் நூறு அடி இறங்கியிருந்தேன். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமான விபத்து ஞாபகம் வந்தது. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமிக்கு அருகே, எரியாத முன்சக்கர விளக்கிலேயே விமானிகளின் கவனம் முழுக்கப் போய்விட, விமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பில் மோதியது. 101 உயிர்கள் போயின. வகுப்பில் படித்தபோது, அதெப்படி ஒருவருமே கவனிக்காமல் இருந்தார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. என் நூறு அடி போன பிறகு அந்தக் கோபம் இல்லை.

கட்டுப்பாட்டு டவருக்குச் சொல்லிவிட்டு, ஓடுதளத்தைச் சுற்றிப் பறக்கும் சர்க்யூட் பாதையிலிருந்து விலகி 3000 அடிக்கு ஏறினோம். "இரண்டரை மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது. நீ ஓட்டு, வேறு எதையும் பார்க்காதே. கியரை நான் பார்த்துக்கொள்கிறேன்." அவர் அப்படிப் பிரித்துக் கொடுத்ததும்தான் எனக்கு மூச்சே சீரானது.

பேனல் விளக்கு சுவிட்சைப் பார்த்தார். சில விமானங்களில் அது போட்டிருந்தால் பச்சை விளக்கு மங்கி, பகலில் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் எரிந்துகொண்டிருந்த வலது பல்பைக் கழற்றினார். சூடு தாங்காமல் சட்டை நுனியால் பிடித்து இடது குழியில் போட்டார். எரியவில்லை. இடது பல்பை வலதில் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. ஆக, பல்பில் குறையில்லை.

சக்கரத்தை மறுபடி ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம். இறங்கியது இறங்கியபடி இருக்கட்டும்." வேகத்தைக் குறைக்கச் சொல்லி, பம்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுத்துவிட்டு, அவசர நெம்புகோலை அழுத்திப் பிடித்தார். ஹைட்ராலிக் அழுத்தம் விடுபட்டால் சக்கரம் தன் எடையிலேயே விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். வால் சுக்கானான ரடரின் பெடல்களை மாறி மாறி மிதித்து வாலை இடமும் வலமும் வீசினோம். விளக்கு அப்படியே இருந்தது.

டவரை ஒட்டித் தாழ்வாகப் பறந்தோம். மூன்றும் இறங்கியிருக்கிற மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். பூட்டு விழுந்ததா என்பதை யாராலும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. பூட்டாத கால், எடை ஏறியதும் மடங்கிவிடும்.

அவசரநிலை அறிவித்தோம். தீயணைப்பு வண்டி ஓடுதளம் அருகே வந்து நின்றது. கட்டுப்பாட்டை அவர் வாங்கிக்கொண்டார். பெல்ட்டை இறுக்கினேன். இறக்கை தரையில் மோதினால் கதவு இறுகிவிடக்கூடும், அதனால் இறங்குவதற்கு முன்பே தாழ்ப்பாளைத் திறந்துவிடச் சொன்னார். காற்று உள்ளே சீறியது. த்ராட்டிலைக் குறைத்ததும் கியர் எச்சரிக்கை ஹார்ன் அலறத் தொடங்கியது, கடைசி வரை ஓயவில்லை.

வலது சக்கரம் முதலில் தொட்டது. கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கை வலப்பக்கம் திருப்பி இடது இறக்கையைத் தூக்கியே வைத்திருந்தார். மிக்ஸ்சர் நெம்புகோலை இழுத்து எரிபொருளை நிறுத்தினார், இன்ஜின் நின்றது. வேகம் குறையக் குறைய இறக்கை தாழ்ந்தது. அந்த நான்கைந்து விநாடிகளில் நான் பார்த்தது இடது இறக்கையின் நுனியை மட்டும்தான். சக்கரம் தொட்டது, லேசாகக் கீச்சிட்டது, நின்றது.

மறுநாள் விமானத்தை ஜாக்கியில் ஏற்றினார்கள். இடது கால் ஒழுங்காகவே பூட்டியிருந்தது. அதைக் காட்ட வேண்டிய மைக்ரோ சுவிட்சின் வயர்தான் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. மெக்கானிக் இரண்டு முனைகளையும் விரலால் சேர்த்துப் பிடித்தார். நான் காக்பிட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"எரியுதா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"எரியுது, மூணும் எரியுது" என்று கத்தினேன்.