உப்பறியாத நாக்கு

2001ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில், ஒரு பிற்பகல் நாலு மணிக்கு, எங்கள் மேலதிகாரி பர்மா சார் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இந்தத் தண்ணிய வாயில வச்சுப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன், நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். இரண்டும் பொய்யல்ல. ஆனாலும் அவர் மறைந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

படகுத்துறை வேலை அது. மழையில் பாதை சேறாகிப்போய் நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. தூண்களின் தலையில் போடும் திண்டான பைல் கேப் ஒன்றில் பாதிக் கான்கிரீட் இறங்கிவிட்டது. அங்கே நிறுத்தினால் முன்பு போட்டதும் பின்பு போடுவதும் ஒட்டாமல் கோல்டு ஜாயின்ட் விழும். அந்த இடுக்கு வழியாகவே கடல் உப்பு கம்பியைப் போய்ச் சேர்ந்து துருப்பிடிக்க வைக்கும். பக்கத்துத் தென்னந்தோப்புக் கிணற்றில் இறைக்கலாம் என்று சொன்னவன் நான். நீரில் உப்பின் குளோரைடு எவ்வளவு என்று சோதிக்கும் சில்வர் நைட்ரேட் தீர்ந்து ஒரு வாரமாகியும் வாங்கி வைக்காதவனும் நான்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்றிருந்த குளோரைடு வரம்பை, இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 500 ஆகக் குறைத்ததை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ரங்கூனில் பிறந்தவர். நே வின் ஆட்சியில் கடைகள் அரசுடைமையாகி, 1964இல், பதினான்கு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி, வாப்பாவின் ஊரான கீழக்கரைக்கு வந்தவர். நாங்கள் அவரைப் பர்மா சார் என்றுதான் அழைப்போம். அவருடைய உம்மா முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தும் இந்த ஊர்த் தண்ணீர் உப்பு என்றே சொல்லிவந்தார். உம்மாவுக்காகவே விலைத் தண்ணீர் வாங்குவதாக சார் ஒருமுறை சொன்னார். நானோ வாலிநோக்கத்தில், உப்பளங்களின் பக்கம் பிறந்தவன். உவர் நீரையே நல்ல தண்ணீர் என்று குடித்து வளர்ந்த நாக்கு என்னுடையது. அவர் நாக்கு அப்படியல்ல; ஒரு சொட்டு போதும், கண்டுபிடித்திருப்பார். நோன்பு என்பதால் என்னைக் கேட்டார்.

நாவின் நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது, தேவையில்லாமல் அப்படிச் செய்வதுதான் விரும்பத்தக்கதல்ல என்று பிற்பாடு ஒரு நண்பர் சொன்னார். அப்படியானால் அவரே பார்த்திருக்கலாமே என்று பல இரவுகள் வாதாடியிருக்கிறேன். அன்று ஐந்து மணிக்கு, உம்மாவோடும் பிள்ளைகளோடும் நோன்பு திறப்பதற்காக, வழக்கம்போல் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார் என்பதையும் அந்த வாதத்தில் சேர்த்துக்கொள்வேன். ஆனால் அந்தி நேர மஃரிப் தொழுத கையோடு திரும்பி வந்தவர், பள்ளிவாசலில் நடக்கும் நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹை விட்டு, சென்ட்ரிங் பலகை ஒன்றின்மேல் தனியே தொழுதுவிட்டு, வேலை முடியும்வரை நள்ளிரவு தாண்டியும் எங்களோடு நின்றார் என்பதை அப்போது மறந்துவிடுவேன்.

அன்று எடுத்துவைத்த நீரின் சோதனை முடிவு பத்து நாள் கழித்து வந்தது. பழைய வரம்புக்குள், புதிய வரம்புக்கு மேல். அவர் பதிவேட்டை எடுத்து, நீரைச் சுவைத்துப் பார்த்துத் தாமே அனுமதித்ததாக எழுதிக் கையெழுத்திட்டார். வாழ்நாளில் பொய்க்கணக்கு ஒன்றுக்கும் உடன்படாத மனிதர். "நீங்க வாயில வைக்கலியே சார்" என்றேன். "உங்ககிட்ட கேட்டேன், நீங்க சொன்னீங்க. அது நான் பாத்த மாதிரிதான் தம்பி" என்றார். என்னைக் காப்பாற்றினாரா, நம்பிக் கேட்ட தம்மைத் தாமே கண்டித்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்டிருக்கலாம், அதற்குப் பிறகு எத்தனையோ பெருநாள்களுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

அவருடைய ஜனாஸா முடிந்த மாலை படகுத்துறைக்குப் போனேன். அந்த பைல் கேப்பின் அடியில் துருக்கறை பழுப்பாக வழிந்திருந்தது. லாரித் தண்ணீரில் போட்ட பக்கத்து பைல் கேப்பிலும் அதே போலக் கறை இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவரை அடக்கம் செய்த அன்றே எனக்கு அந்த நிம்மதி வந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.