மலையடிவாரத்து நூலகத்தில் ஒரு தஞ்சாவூர்க்காரர்

"அங்கே போய் என்ன பார்க்கப்போறே?" என்று கேட்டாள் அக்கா. நியூஜெர்சியில் அவள் வீட்டுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே நான் கிரேட் பேரிங்டனுக்கு பஸ் டிக்கெட் எடுத்திருந்தேன்.

"ஒரு லைப்ரரி. அப்புறம் அந்த ஊர்க்காரங்களே அடிச்சு வெளியிடுற நோட்டு."

"நோட்டா? பார்த்துடா, போலீஸ்ல மாட்டிக்காதே."

2016 அக்டோபர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், பெர்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவே இருக்கிறது கிரேட் பேரிங்டன். நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில் போனேன். இலைகள் சிவக்கும் காலம் என்பதால் வண்டி நிறைய கேமராக்கள். ஊர் சின்னதுதான். ஒரே ஒரு பெரிய தெரு, அதன் முதுகுப்பக்கம் ஹவுசடானிக் ஆறு. 1886இல் வில்லியம் ஸ்டான்லி என்ற பொறியாளர் மின்மாற்றிகளை வைத்து, மாறுமின்னோட்டத்தால் இந்தத் தெருக் கடைகளில்தான் விளக்கேற்றிக் காட்டினாராம். மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த அப்பாவுக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

முதல் வேலையாக ஒரு வங்கிக்குப் போனேன். 38 டாலர் கொடுத்தேன், 40 பெர்க்‌ஷேர் கிடைத்தது. அந்த ஊர் நோட்டின் பெயர் அதுதான். பாஸ்போர்ட் கேட்பார்களோ என்று கையில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

நோட்டுகள் அழகு. ஒன்றில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மோஹிகன் மக்களில் ஒருவர். ஐந்தில் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். கறுப்பின உரிமைக்காக வாழ்நாள் முழுக்க எழுதிய அந்த அறிஞர் 1868இல் பிறந்தது இதே ஊரில்தான். இருபதில் எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில். பத்தில் ராபின் வான் என் என்ற விவசாயி! அதிபரோ தளபதியோ இல்லாத ஒரு பணத்தைக் கையில் பிடிப்பது விநோதமாக இருந்தது.

இந்தப் பணத்தின் சூட்சுமம், நான் போன சமயத்தில், அந்த ஐந்து சென்ட்டில் இருந்தது. வாங்கும்போது 95 சென்ட்டுக்கு ஒரு பெர்க்‌ஷேர். கடைக்காரர் அதை ஒரு டாலராகவே எடுத்துக்கொள்வார். ஆனால் அவர் வங்கிக்குக் கொண்டுபோய் டாலராக மாற்றினால் 95 சென்ட்தான் கிடைக்கும். ஆகவே மாற்றுவதைவிட, அதை வாங்கிக்கொள்ளும் இன்னொரு உள்ளூர்க்காரரிடம் செலவு செய்வதுதான் லாபம். இப்படிப் பணம் ஊரைவிட்டு ஓடாமல் நாலு கை மாறும். 2006இல் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் அப்போது சுமார் 400 கடைகளும் தொழில்களும் வாங்கிக்கொண்டன என்று சொன்னார்கள்.

சரி, நிஜத்தில் எப்படி? மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெண்மணியிடம் கேட்டேன். காய்கறி கொண்டுவரும் விவசாயி வாங்கிக்கொள்வார், பெயின்ட் அடித்தவர் பாதிக் கூலியை அதில் வாங்கிக்கொண்டார், ஆனால் வெளியூர் மொத்த வியாபாரி வாங்கமாட்டார், அதனால் மாதக் கடைசியில் மிஞ்சுவதை வங்கிக்குக் கொண்டுபோய் ஐந்து சதவீதத்தை இழப்பதுதான் என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. கோயில் உண்டியலில் போட்ட கணக்காகச் சொன்னார்.

இந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு சாண்ட்விச் கதையும் உண்டு. 1989இல் இவ்வூரில் டெலி என்ற சாப்பாட்டுக் கடை நடத்தியவர் வேறு இடத்துக்கு மாற வேண்டியிருந்தது. வங்கி கடன் தரவில்லை. "வாடிக்கையாளர்களிடமே கடன் வாங்கேன்" என்று ஓர் அமைப்பு யோசனை சொன்னது. அவர் தன் பெயரில் நோட்டு அச்சடித்தார். இன்று 8 டாலர் கொடுத்து நோட்டு வாங்கினால், கடை மாறிய பிறகு 10 டாலருக்குச் சாப்பிடலாம். எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வந்து நின்றால் கடை தாங்காதே? அதனால் ஒவ்வொரு நோட்டிலும் வேறு வேறு தேதி. ஒரு மாதத்துக்குள் சுமார் 5,000 டாலர் சேர்ந்துவிட்டது. தேவாலயக் காணிக்கைத் தட்டிலும் சில நோட்டுகள் விழுந்தன, பாதிரியார் எங்கே காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார் என்று ஊருக்கே தெரியும் என்பதால். அமெரிக்காவில் நான் கேட்ட கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த யோசனையைச் சொன்ன அமைப்பைப் பார்க்கத்தான் வந்தேன். இப்போது அதன் பெயர் ஷூமாக்கர் சென்டர் ஃபார் எ நியூ எகனாமிக்ஸ். 1980இல் ராபர்ட் ஸ்வான், சூசன் விட் முதலானோர் ஆரம்பித்தது. மறுநாள் காலை விடுதிக்காரர் ஜக் எண்ட் சாலையில் என்னைக் காரில் இறக்கிவிட்டார்.

முதலில் பக்கத்திலிருந்த இந்தியன் லைன் பண்ணைக்குப் போனேன். பத்து பெர்க்‌ஷேர் நோட்டில் இருக்கும் ராபின் வான் என்னின் பண்ணை. விதைப்பதற்கு முன்பே ஊர்க்காரர்கள் விவசாயிக்குப் பணம் கொடுத்துவிடுவது, பிறகு வாராவாரம் விளைச்சலில் பங்கு வாங்கிக்கொள்வது, மழை ஏமாற்றினால் நஷ்டத்திலும் பங்கெடுப்பது என்ற முறை அமெரிக்காவில் முதன்முதலாக வேர்விட்ட இரண்டு மூன்று இடங்களில் இது ஒன்று. 1985 இலையுதிர் காலத்தில் ஆப்பிளில் ஆரம்பித்தார்கள். 1997இல் ராபின் திடீரென்று இறந்துபோனார்.

அப்புறம்தான் சிக்கல். நியூயார்க் பணக்காரர்கள் வார இறுதி வீட்டுக்காக நிலம் வாங்கும் பகுதி இது. இந்த விலையில் நிலம் வாங்கிக் கீரை விளைவித்து எந்த இளம் விவசாயி கடனை அடைப்பார்? 1999இல் உள்ளூர் நில அறக்கட்டளையும் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் விவசாயிகளும் சேர்ந்து பண்ணையை வாங்கினார்கள். நிலம் அறக்கட்டளைக்கு. வீடும் கொட்டகையும் விவசாயிக்கு. நிலம் 99 ஆண்டுக் குத்தகையில். விட்டுப் போகிறவர் கட்டடத்துக்கும் செய்த மேம்பாட்டுக்கும் விலை பேசலாம், நிலத்துக்குப் பேச முடியாது. அக்டோபர் என்பதால் வயலில் பூசணியும் பரட்டைக் கீரையும் இருந்தன. ஒரு நாய் என்னைக் கடைசிவரை நம்பவில்லை.

இந்த நில ஏற்பாட்டின் பூர்வீகம் நம் பக்கம். வினோபா பாவே பூதானமாக வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பல ஏழைகள் விதைக்கும் மாட்டுக்கும் வழியில்லாமல் மறுபடி கடன் கொடுத்தவனிடம் இழந்தார்கள். அதனால் தனி ஆளுக்குப் பதில் கிராமத்துக்கே நிலம் என்று கிராமதானம் வந்தது. அதைக் கவனித்தவர்களில் ராபர்ட் ஸ்வானும் ஒருவர். 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பின விவசாயிகளுக்காகக் குடிமை உரிமைப் போராளிகள் சுமார் 5,700 ஏக்கரில் நியூ கம்யூனிட்டீஸ் என்ற நில அறக்கட்டளையைத் தொடங்கியபோது ஸ்வான் கூட நின்றார். அந்த நிலம் 1980களில் கடனில் போய்விட்டது. முறை மட்டும் தங்கி, இங்கே வந்து பூசணி காய்க்கிறது.

ஷூமாக்கர் சென்டரின் நூலகம் மரங்களுக்கு நடுவே, சரிவில். வாசலில் நின்றவர் ஓர் இளம்பெண், அங்கே வேலை பார்ப்பவர். பொருளியல் அறிஞர் ஈ. எஃப். ஷூமாக்கரின் சொந்தப் புத்தகங்கள் இங்கேதான் இருக்கின்றன, ஓரங்களில் அவர் பென்சிலில் எழுதிய குறிப்புகளோடு. எனக்கு அடுத்தவர் புத்தகத்தின் ஓரக்குறிப்பைப் படிப்பது கடிதம் பிரிப்பது மாதிரி. கூச்சப்பட்டுக்கொண்டே படித்தேன்.

ஷூமாக்கர் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் 'எதிரி நாட்டவர்' என்று முகாமில் அடைக்கப்பட்டு, பிறகு பண்ணைக் கூலியாக உழைத்தவர். 1955இல் ஆலோசகராக பர்மாவுக்குப் போய் மனம் மாறி வந்தவர். அவரை 1974இல் அமெரிக்கா முழுக்கப் பேசவைத்துக் கூட்டிப்போனவர் ஸ்வான். ஸ்வானோ தச்சர், வீடு கட்டுகிறவர், அதே போரில் துப்பாக்கி தூக்க மறுத்துச் சிறை போனவர். சிறிய சமூகங்கள் பற்றிய அஞ்சல்வழிப் பாடத்தைச் சிறைக்குள் இருந்தே படித்தார்.

பௌத்தப் பொருளியல் பற்றி ஷூமாக்கர் 1966இல் எழுதிய கட்டுரையை அங்கே உட்கார்ந்து மறுபடி படித்தேன். நடுவில் வந்து நின்றார் ஜே. சி. குமரப்பா. உடம்புக்குச் சோறு எப்படியோ, அப்படித்தான் மனிதனின் மேலான ஆற்றல்களுக்கு வேலை என்ற அவருடைய கருத்தை ஷூமாக்கர் மேற்கோளாக எடுத்துப் போட்டிருக்கிறார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், காந்தியின் கிராமத் தொழில் சங்கத்தை 1934 முதல் நடத்தியவர். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தன் நூலை அவர் எழுதியது ஜபல்பூர் சிறையில். எப்போது என்றால், அதே போர்க்காலத்தில். ஒரே போர் மூன்று கண்டங்களில் இந்த மூன்று பேரையும் உள்ளே தள்ளியிருக்கிறது என்று எனக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. முந்தின நாள் அந்தத் தெருவில் நான் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த விலையில், குமரப்பா பேசிய கிராமத்தான் ஒருவன் உள்ளே வரவே முடியாது. வசதியான ஊரில் எந்த நல்ல யோசனையும் அழகாகத்தான் தெரியும். இதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பெர்க்‌ஷேர் நோட்டைப் பார்க்க வருபவர்கள் அதிகம், நிலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, தாங்கள் கஷ்டப்படுவதெல்லாம் நிலத்துக்காகத்தான் என்றார்.

கிளம்பும்போது அவர் கட்டுரையில் குமரப்பா என்ற பெயரின் மேல் விரல் வைத்து, "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை 'ர' சரியாக வந்தது.

"அவர் கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார்?"

"மதுரைப் பக்கம், டி. கல்லுப்பட்டி. ஓர் ஆசிரமம்."

"உங்கள் ஊருக்குப் பக்கமா? போயிருக்கிறீர்களா?"

ராஜபாளையம் பஸ்ஸில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை என்பதைச் சொல்லவில்லை.