வேர்த்தும் புரண்டும்

நோவுக்கு எண் கொடுக்கும்படி நோயாளியிடம் கேட்கவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். பூச்சியம் என்றால் நோவே இல்லை. பத்து என்றால் அதற்கு மேல் ஒரு நோவை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அவர் சொல்லுகிற எண்ணை எழுதி டொக்டருக்கு அறிவித்தால், பனடோலா மோர்ஃபினா என்பது முடிவாகும். நல்ல முறை. ஒவ்வொரு ட்யூட்டியிலும் கேட்கிறேன். ஆனால் திருகோணமலையில் ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் இரவு இரண்டு மணிக்கு "எத்தனை ஐயா?" என்று கேட்டால் எண் வருவது குறைவு. "கோணேசா" என்று வரும். மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்கள் "யா அல்லாஹ்" என்பார்கள். பாலையூற்றுக்காரர் மாதாவைக் கூப்பிடுவார்கள். கந்தளாயிலிருந்து வந்த சிங்கள முதியவர் "அனே அம்மே" என்று தொடங்குவார். அட்டையில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. என்றாலும் கேட்ட கேள்விக்கு அவர்கள் தந்த பதில் அதுதான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சத்தத்தை வைத்தே பாதி வருத்தத்தைச் சொல்லிவிடலாம். சிறுநீரகக் கல் இறங்குகிறவர் ஒரு நிமிஷம் கட்டிலில் கிடக்கமாட்டார். எழும்புவார், குனிவார், சுவரைப் பிடிப்பார், சத்தி எடுப்பார், நிலத்திலே உருளுவார். சேர்ட் வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். குடலில் ஓட்டை விழுந்து வயிறு முழுக்கக் கிருமி பரவியவர் அதற்கு நேர்மாறு. முழங்காலை மடித்துக்கொண்டு அப்படியே கிடப்பார். மூச்சைக்கூட மேலால்தான் இழுப்பார், அசைந்தால் நோகும் என்பதால். புதிதாக வருகிற தாதிப் பிள்ளைகள் சத்தம் வருகிற கட்டிலுக்கு ஓடுவார்கள். "சத்தமில்லாத கட்டிலை முதல்ல பார் மகள்" என்று எங்கள் வாட் சிஸ்டர் சொல்லுவா. கத்துகிறவருக்குக் கத்துவதற்காவது மூச்சும் இரத்த அழுத்தமும் இருக்கிறது. கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கினால் அதுதான் எங்களுக்குப் பயம்.

இந்த வேலைக்கு வந்த பிறகு, சின்ன வயதிலிருந்து பாடி வந்த ஒரு தேவாரம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. அப்பர் சுவாமிகள் சூலை நோயோடு திருவதிகையில் பாடிய 'கூற்றாயினவாறு'. சைவ வீடுகளில் வருத்தம் என்றால் பாடுகிற பதிகம். சைவபாட வகுப்பில் நாங்கள் அதை ராகம் பிசகாமல், கைகட்டி நின்று பாடினோம். ஆனால் அதைப் பாடியவர் கைகட்டி நிற்கிற நிலையில் இருக்கவில்லை. 'குடரோடு துடக்கி முடக்கியிட' என்கிறார். குடலோடு சேர்த்துக் கட்டி, ஆளை மடக்கிப் போடுகிற நோவு. கடைசிப் பாட்டில் 'வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்' என்று வருகிறது. வேர்வை, புரளல், விழுதல், எழும்பல். எங்கள் வாட் கொப்பியில் எழுதக்கூடிய குறிப்பு அது. அவருக்கு என்ன வருத்தம் என்று நான் நிர்ணயிக்கப் போவதில்லை, அது என் வேலையும் இல்லை. ஆனால் நோவைப் பார்த்தே அறியாத ஒருவர் இந்த வரியை எழுதியிருக்க முடியாது என்பது ஒரு தாதிக்குத் தெரியும்.

அந்தப் பதிகத்தில் என்னை இன்னும் அதிகமாகப் பிடித்து நிறுத்துவது இரண்டாம் பாட்டு. அங்கே அவர் நோவைச் சொல்லிவிட்டு, இறைவனைப் பார்த்து 'அஞ்சேலும் என்னீர்' என்கிறார். பயப்படாதே என்று ஒரு சொல்கூட நீர் சொல்லவில்லையே என்று முறையிடுகிறார். மருந்து தராததைவிட, பக்கத்தில் வந்து ஒரு சொல் சொல்லாதது அந்த இடத்தில் அவருக்குப் பெரிதாக இருக்கிறது. எங்கள் வாட்டிலும் இதுதான் நடக்கிறது. டைக்குளோபெனக் வைத்து அது வேலை செய்யும் வரைக்கும் ஒரு நேரம் போகவேண்டும். அந்த நேரத்தில் மருந்துத் தட்டு நோயாளிக்கு உதவாது. கட்டிலடியில் நின்று "பயப்படாதீங்க, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்று சொல்லுகிற ஒரு ஆள் உதவும்.

இன்னொன்று. பத்துப் பாட்டுப் பாடியும் ஒரு பாட்டில்கூட நோவு போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. நோய் தீர்ந்த கதையைப் பின்னால் வந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். பதிகத்துக்குள்ளே முதலிலிருந்து கடைசிவரை நோவுதான் இருக்கிறது. அதை நாங்கள் நன்றிப் பாட்டுப் போல இனிமையாகப் பாடிப் பழகிவிட்டோம்.

கடைசிப் பாட்டில் அவர் துணைக்குக் கூப்பிடுவது யாரை என்று பார்த்தால், திருகோணமலைக்காரருக்கு மனம் சிலிர்க்கும். இராவணனை. பெரிய மலையின் கீழ் அரக்கனை நெரித்துவிட்டுப் பிறகு அருள் செய்தீரே, அதை நினைத்துப் பார்க்கமாட்டீரா என்று கேட்கிறார். நொந்து கிடக்கிறவர் தன் நல்ல குணத்தைக் காட்டி இரக்கம் கேட்கவில்லை. தண்டனை பெற்ற ஒருவனைக் காட்டி, அவனுக்கே இரங்கினவர் எனக்கு இரங்கக்கூடாதா என்கிறார். எங்கள் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்கிற இராவணன் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பருடைய இந்த வரி வரும். சேதுக்கரையில் நின்றபடியே சம்பந்தர் பாடியதாகச் சொல்லப்படுகிற கோணமாமலைப் பதிகத்திலும் அவன் வருகிறான், தருக்கு அழிந்தவனாகவும் பிறகு பேறு பெற்றவனாகவும். சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மலையின் கீழ் அகப்பட்டு அலறினவன் அவன் என்பதை அந்த இடத்தில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

வாட்டில் அலறுகிறவருக்கு முதல் எதிரி பெரும்பாலும் அவருடைய சொந்தக்காரர்தான். "கத்தாதீங்க, ஆக்கள் பாக்கிறாங்க" என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், வெட்கமும் சேர்ந்திருக்கும். எங்களோடு வேலை செய்கிற பாலையூற்றுத் தங்கச்சி ஒருத்தி இதைக் கேட்கும்போதெல்லாம் எரிகோவுக்குப் போகிற வழியில் இருந்த குருடனைப் பற்றிச் சொல்லுவாள். "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று அவன் கூப்பிட்டபோது, பேசாமல் இரு என்று சுற்றி நின்றவர்கள் அதட்டினார்கள். அவன் இன்னும் பெலமாகக் கூப்பிட்டான். இயேசு நின்றார், அவனை அழைத்து வரச் சொன்னார், பிறகு அவனிடமே கேட்டார், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று. குருடனுக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். தெரிந்தும் அவன் வாயால் கேட்கவிட்டார் என்பாள் அவள். நாங்களும் தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம், எங்கே நோகுது, எவ்வளவு நோகுது என்று.

சம்பூர் ஐயா ஒருவர் அந்த வாட்டில் இருந்தார். சீனி வருத்தத்தால் கால் அழுகியிருந்தது. நோவு கடுமையாக இருந்திருக்கவேண்டும், ஆனால் சத்தமே கிடையாது. எண் கேட்டால் கையை விரித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். 2006இல் சம்பூரிலிருந்து எல்லாரும் ஓடியபோது ஓடியவர். கிளிவெட்டி முகாமில் வருஷக்கணக்காகத் தகரக் கொட்டிலில் இருந்து, மனைவியையும் அங்கேயே பறிகொடுத்து, பிறகு ஊர் திரும்பியவர். மகள் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்த திருநீற்றுச் சரையை அவர் தொடவேயில்லை. சத்தமில்லாத கட்டிலை முதலில் பார் என்ற வாட் சிஸ்டரின் சொல் வயிற்று வருத்தத்துக்கு மட்டும் உரியதல்ல என்று அவரைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

இந்த அமைதியை அதற்கு முதலே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கடல் வந்துபோன பிறகு நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்தவர்களில் காயத்தோடு கத்தினவர்கள் இருந்தார்கள். காயம் எதுவும் இல்லாமல், வெறும் கையை மடியில் வைத்தபடி ஒரு சொல்லும் பேசாமல் இருந்த தாய்மார்களும் இருந்தார்கள். அதில் ஒருத்தி சில நாள் கழித்து வாட்டு நடுவில் எழும்பி நின்று "உனக்குக் கண் இல்லையா" என்று மேலே பார்த்துக் கத்தினபோது, வாட் சிஸ்டர் எங்களைத் தடுத்தா. "விடுங்க. இப்பதான் அவ திரும்பி வாறா" என்றா. கடவுளை ஏசுவதும் கடவுளோடு பேசுவதுதான். கண் போன சுந்தரர் திருவாரூர்ப் பெருமானை 'வாழ்ந்து போதீரே' என்று ஏசினதை நாங்கள் தேவாரம் என்றுதான் வைத்திருக்கிறோம், பாவம் என்று தள்ளவில்லை.

சம்பூர் ஐயாவுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மூதூரிலிருந்து ஒரு இளம் ஆள் வந்தார், கல்லுக் குத்தோடு. இரவு முழுக்க "யா அல்லாஹ், யா றஹ்மான்" என்று உருண்டார். ஊசி போட்டு, குறைந்து, விடியப்புறம் மறுபடி தொடங்கியது. நான் மருந்துத் தட்டோடு முதலில் ஐயாவிடம் போனபோது, "முதல்ல அந்தத் தம்பியைப் பார் பிள்ளை" என்றார். நாள்கணக்கில் அவர் சொன்ன முதல் முழு வசனம் அது. திரும்பி வந்தபோது இன்னொன்றும் சொன்னார்: "அவனுக்குக் கூப்பிட ஒரு ஆள் இருக்கு."

அந்த மூதூர்த் தம்பி நோவு விட்ட பிறகு ஐயாவோடு கதைக்கத் தொடங்கினார். அவர் அய்யூப் நபியைப் பற்றிச் சொன்னதை நான் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டே கேட்டேன். உடம்பாலும் வீட்டாலும் சோதிக்கப்பட்ட அய்யூப் நபி கேட்ட துஆவில், சுகம் தா என்ற சொல்கூட இல்லை என்றார். எனக்குத் துன்பம் வந்து தொட்டிருக்கிறது, நீ இரங்குகிறவர்களிலெல்லாம் பெரிய இரக்கமுள்ளவன். அவ்வளவுதானாம். பாலையூற்றுத் தங்கச்சி அங்கே நின்று, அவர்தான் எங்கள் யோபு என்றாள். யோபுவின் சிநேகிதர் வந்து ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள், அதுவரைக்கும் நல்லாகத்தான் செய்தார்கள், பிறகு வாயைத் திறந்து நீ என்ன பாவம் செய்தாய் என்று ஆராயப் போய்க் கெடுத்தார்கள் என்றாள். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. 'போன பிறப்பு வினை' என்று அவரிடம் முகாமில் எத்தனைபேர் சொல்லியிருப்பார்களோ.

காலை எடுக்கவேண்டும் என்று முடிவாகி, தியேட்டருக்கு ட்ரொலியில் கொண்டுபோன காலையில், ஒழுங்கையின் நடுவில் ஐயா கத்தினார். "கோணேசா, என்னைப் பாரப்பா! என்னைப் பார்!" அந்த மெலிந்த உடம்புக்குள் அவ்வளவு குரல் இருந்ததென்று நம்ப முடியவில்லை. ஓபிடி வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரொலி தள்ளின அற்றெண்டன் தம்பி, புத்தியுள்ள பிள்ளை, அவரை அடக்காமல் வேகத்தை மட்டும் குறைத்தான். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டர்க் கதவு வரைக்கும் போனேன். "பயப்படாதீங்க ஐயா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

காயம் ஆறியது. திருநீற்றுச் சரை பாதியாகியிருந்தது. ஆனால் சில கிழமைகளில் மாரடைப்பு வந்து, ஒரு பின்னேரம் போய்விட்டார்.

கூப்பிட்டவர்கள் எல்லாரும் பிழைப்பதில்லை. இதை ஒளிக்கக்கூடாது. பிழைத்தவர்களை மட்டும் எண்ணிச் சாட்சி சொல்லுகிற பக்தியை, இறந்தவர்களின் கண்ணை மூடிவிடுகிற கை ஏற்காது. ஆனாலும் நான் நம்புகிறேன். சம்பூர் ஐயா கூப்பிட்டபோது கேட்க ஒருவர் இருந்தார் என்று முழு மனதோடு நம்புகிறேன். அவருடைய கால் திரும்பவில்லை, ஆயுளும் நீளவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர் திரும்பினார், மூதூர்த் தம்பியோடு கதைத்தார், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கோபித்தார், கேட்டார். அந்தத் திரும்பலை எந்த மருந்தும் தந்ததாக எங்கள் அட்டையில் பதிவு இல்லை. அதை இரக்கம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. போதுமான இரக்கமா என்று கேட்டால், அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அவருடைய மகளுக்கு இருக்கிறது.

மகள் போதாது என்றுதான் சொன்னா. கன்னியா வெந்நீரூற்றடியில் 31ஆம் நாள் கிரியை முடித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலில் அவவைக் கண்டேன். சன்னிதிக்கு நேரே நின்று, மறைக்காமல், சத்தமாகவே கேட்டா. "அப்பா அவ்வளவு கூப்பிட்டாரே. இன்னும் கொஞ்ச நாள் தந்தால் உமக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?" பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் "அப்பிடிச் சொல்லக்கூடாது பிள்ளை" என்றார். நான் அந்த அம்மாவின் கையை மெல்லப் பிடித்து, சொல்லவிடுங்கோ என்றேன். பூசை முடியும்வரை மகள் கேட்டுக்கொண்டுதான் நின்றா. அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவவைக் காண்கிறேன். கோபம் ஆறவில்லை என்று என்னிடம் சொல்லுவா. வருவதையும் விடவில்லை.